மெயினுக்கு முன்னால் ஒரு ஒயர்

பெங்களூரில் வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வைத்துக் கொடுத்த ஆரம்ப கால ஆட்களில் நானும் ஒருவன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். அஞ்சாவதைத் தாண்டாமல் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, சிவாஜிநகரில் ஒரு பேட்டரிக் கடையில் டெர்மினல் கழுவினவன். ஆசிட் பட்டுப் பட்டு என் சட்டையெல்லாம் சல்லடையாக இருக்கும். முதலாளி உருதுவில் திட்டுவார், கஸ்டமர் கன்னடத்தில் திட்டுவார். திட்டு வாங்கியே இரண்டு பாஷையும் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் கரண்ட் கட் அதிகமானது. ஊரே சபித்தது. நான் சபிக்கவில்லை. நானே டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, தகரப் பெட்டி அடித்து, அதன்மேல் என் பெயரை எழுதி விற்றேன். இதில் சொல்லப்போகும் விஷயம் நடந்தபோது எனக்கு சிவாஜிநகரில் ஒன்று, பீன்யாவில் ஒன்று, பொம்மசந்திராவில் ஒன்று என மூன்று கடை. செல்போன் சட்டைப் பைக்கு வந்திருந்த புதுசு.

ஒருநாள் பொம்மசந்திரா கடை வாசலில் ஒரு பழைய மினி பஸ் வந்து நின்றது. அங்கே ஏதோ ஃபாக்டரிக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வண்டி, பெயின்ட் மாற்றியும் அடையாளம் தெரிந்தது. ஓட்டி வந்தவர் அறுபது தாண்டியவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. மாநில சர்க்காரில் மின்சார இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவராம். மகாராஜா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார்.

உள்ளே ஏறிப் பார்த்தேன். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு சிங்க், தலைக்கு மேல் அலமாரி எல்லாம் போட்டிருந்தார். தச்சு வேலை நன்றாகவே இருந்தது. கரண்ட் வேலைதான் பாக்கி.

"மேஸ்திரி, இதை பஸ்ஸுன்னு நெனைக்காதீங்க. இது மனே. வீட்டுக்கு எப்படி வயரிங் பண்ணுவீங்களோ, அப்படிப் பண்ணணும்" என்றார்.

"நான் மேஸ்திரி இல்ல சார். ஓனர்."

"அப்படியா? அப்ப வேலை யார் செய்வா?"

"நான்தான்."

"சரிதான், மேஸ்திரி" என்றார்.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அப்புறம் அவரே விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவுக்குப் பல வருஷமாக வீசிங். ஓட்டலில் தங்க முடியாது. பஞ்சுத் தலையணை, கொசுவத்திப் புகை, தரைவிரிப்புத் தூசி, எது பட்டாலும் மூச்சு இழுக்கும். கணவருடைய சர்வீஸ் முழுக்கச் சர்க்கார் குவார்ட்டர்சிலேயே கழிந்துவிட்டது. மங்களூரிலிருந்து கார்வார் வரைக்கும் கடலோரமாக ஒரு மாதம் போய் வரவேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. சொந்தக் கட்டில், சொந்த விரிப்பு, சொந்த அடுப்பு இருந்தால் போகலாம். அதற்காகத்தான் இந்த வண்டி.

ஆனால் ஒரு மெஷின் கூடவே போகவேண்டும். மருந்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்க வைக்கிற நெபுலைசர். இழுப்பு வந்துவிட்டால் வாயில் மருந்தடிக்கிற கைப் பம்ப் கொஞ்ச நேரம்தான் தாங்கும், மெஷின் போட்டால்தான் அடங்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். அவர்களுக்கு ஒரே மகள், எலக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. அவள் கறாராகச் சொல்லியிருந்தாளாம்: நடுவழியில் மெஷின் ஓடாது என்றால் அம்மா போகக்கூடாது, வண்டியை விற்றுவிடுங்கள்.

"ஓடுமா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"ஓடலைன்னா என் மூணு கடையையும் இழுத்து மூடிடறேன்மா" என்றேன். இப்படிப் பேசித்தான் நான் மேலே வந்தேன்.

வேலையைத் தொடங்கினோம். முதலில், இன்ஜின் பேட்டரியைத் தொடவே கூடாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரி பயில்வான் மாதிரி. ஒரே தூக்கில் கல்லைத் தூக்குவான், நாள் முழுக்க மூட்டை சுமக்கச் சொன்னால் படுத்துவிடுவான். வீட்டு வேலைக்கு மூட்டை சுமக்கிற ஆள் வேண்டும். அதற்கு நான் இரண்டு பெரிய டியூபுலர் பேட்டரி போட்டேன், இன்வெர்ட்டருக்குப் போடுகிற ஜாதி. இன்ஜின் ஓடினால் இரண்டு பக்கமும் சார்ஜ் ஆகும். இன்ஜின் நின்றதும் நடுவில் ஒரு ரிலே கழன்றுகொள்ளும். அதனால் வீட்டுப் பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். பேட்டரிப் பெட்டியை வெளிப்பக்கம் வைத்து, ஆவி வெளியே போகக் குழாய் விட்டேன். உள்ளே ஆசிட் வாடை வந்தால் அந்த அம்மாவுக்கு வேறு எதிரியே வேண்டாம்.

இன்ஜினியர் கிராஃப் தாளில் லோடு லிஸ்ட் போட்டுக்கொண்டு வந்தார். எது எத்தனை வாட், எத்தனை மணி நேரம் எல்லாம் கட்டம் கட்டமாக. இரண்டு சின்ன டியூப் லைட், ஒரு ஃபேன், தண்ணீர் பம்ப், மிக்சி, டிவி, ஃப்ரிட்ஜ், நெபுலைசர்.

"ஃப்ரிட்ஜை அடிச்சிடுங்க சார். மூணு நாள் சாப்பாட்டை அது ஒரே நாள்ல தின்னுடும். ஐஸ் பெட்டி வாங்கி வெச்சுக்குங்க."

"கணக்குல சரியா வருதே?"

"உங்க கணக்கு தாள்ல வரும். என் கணக்கு பேட்டரியில வரும்."

அவருக்குக் கோபம் வரவில்லை. ஃப்ரிட்ஜை அடித்துவிட்டு, நெபுலைசருக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு போட்டார். பேட்டரியில் பாதி எப்போதும் அதற்கென்று இருக்கவேண்டும் என்று முடிவு செய்தோம். எல்லாம் சேர்த்து, வண்டியைக் கிளப்பாமல் நிறுத்தியிருந்தாலும் ஐந்தாறு நாள் வரும் என்றது தாள். என் அனுபவமும் அதையேதான் சொன்னது. படித்தவனும் படிக்காதவனும் ஒரே இடத்தில் வந்து நின்றோம் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

கதவுக்குப் பக்கத்தில் சிவப்புப் பிடி வைத்த மெயின் சுவிட்ச். அதை இறக்கினால் வீடு மொத்தமும் செத்துவிடும். படுக்கும்போதும் வெளியே போகும்போதும் இறக்கிவிடவேண்டும், ஒரு சொட்டுக் கரண்ட் வீணாகாது.

வேலை முடிகிற அன்று அந்த அம்மா, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தச்சர் செய்து வைத்திருந்த சின்ன மாடத்தைக் காட்டினார். வெங்கடாசலபதி படம், கீழே ஒரு ஹோல்டர். கையில் வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சிவப்பு ஜீரோ பல்பு.

"இது மட்டும் அணையக் கூடாது. இவர் பாட்டுக்கு மெயினை இறக்கிடுவார்."

"எங்கிட்ட விடுங்கம்மா" என்றேன்.

இது என்னுடைய ஸ்பெஷாலிட்டி. நான் இன்வெர்ட்டர் வைத்த வீடுகளிலெல்லாம் பூஜை ரூம் விளக்குக்கு மட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே ஒரு ஒயர் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மெயினை இறக்கிவிட்டு ஊருக்குப் போனாலும் சாமி இருட்டில் நிற்காது. எத்தனையோ பெண்கள் இதற்காகவே என்னைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பஸ்ஸிலும் அப்படியே எடுத்தேன். இன்ஜினியர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். பல்பு எரிந்ததும் மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மகள் பரீட்சை வைத்தாள். கடலோரத்துக்குக் கிளம்பும் முன் மூன்று நாள் பக்கத்திலேயே எங்காவது நிறுத்திப் பார்க்கவேண்டும். வெளிக் கரண்டுக்குப் பிளக் போடக் கூடாது, இன்ஜின் கிளப்பக் கூடாது. நாலாவது நாள் காலையில் மெஷின் ஓடினால் போகலாம். நியாயமான பரீட்சை. என் கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில் தெரிந்தவர் ஒருவரின் காலி மனை இருந்தது, அங்கே நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் நாள் சாயங்காலம் போய் காபி குடித்துவிட்டு வந்தேன். ஃபேன் ஜிலுஜிலு என்று ஓடியது. இன்ஜினியர் நோட்டுப் புத்தகத்தில் எந்த சுவிட்ச் எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு அணைத்தார் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னும் முக்கால்வாசி இருக்கணும், மேஸ்திரி."

"முக்காலுக்கு மேலயே இருக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை, கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது போன். இன்ஜினியர்தான். குரல் வழக்கம்போல நிதானமாக இருந்தது, வார்த்தைகள் மட்டும் துண்டு துண்டாக.

"மெஷின் ஓடலை. அவளுக்கு இழுக்குது. பம்ப் அடிச்சாச்சு. பேகா பன்னி, சீக்கிரம் வாங்க."

புது பேட்டரி ஒன்றை நானே தூக்கி லக்கேஜ் ஆட்டோவில் போட்டேன். ஐம்பதைத் தாண்டிய ஆள் அதைத் தனியாகத் தூக்கக் கூடாது. தூக்கினேன்.

போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா வண்டிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால்மேல் இரண்டு கையையும் ஊன்றி, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின. விடிகாலையில் யாரோ பக்கத்து மனையில் குப்பை கொளுத்தியிருக்கிறார்கள். மெஷினைப் போட்டால் உர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினியர் பரீட்சையைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்திருக்கிறார். டீசல் புகை நேராக ஜன்னல் வழியாக உள்ளே வந்து இழுப்பு இன்னும் ஏறிவிட்டது. இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டார். அடியோடு இறங்கின பேட்டரி இரண்டு நிமிஷத்தில் எழுந்திருக்காது.

பழைய பேட்டரியிலிருந்து கிளாம்பைக் கழற்றி, புது பேட்டரியில் மாட்டி, இன்வெர்ட்டரைத் தட்டிவிட்டேன். மெஷின் ஓடியது. அந்த அம்மா மாஸ்கை முகத்தில் வைத்துக்கொண்டார். மருந்து தீர்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவர் தோள்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் அடங்கின.

இடையில் மகளும் வந்துவிட்டாள். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"அப்பா, வண்டிக்கு ஆள் பாருங்க. வித்துடலாம்."

இன்ஜினியர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "கணக்குப்படி அறுபது பர்சென்ட் இருக்கணும்மா."

"கணக்கு மூச்சு விடாதுப்பா."

அவர் புரட்டுவதை நிறுத்தினார். விடிகாலையில் ஏதோ பீப் பீப் என்று கேட்டதாகவும், ஃபாக்டரியில் லாரி ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னார். அது என் இன்வெர்ட்டரின் கடைசிக் கூப்பாடு. நான் பழைய பேட்டரியில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். அதில் இருந்த ஹெட்லைட் பல்பு பீடி நுனி மாதிரி கனன்றது. இரண்டு பேட்டரியுமே காலி.

"செல் போயிருக்குமோ? கம்பெனி டிஃபெக்ட்?" என்றார் இன்ஜினியர்.

எங்கள் தொழிலில் இது தப்பித்து ஓடுகிற பழைய வாசல். எதுவும் புரியாவிட்டால் 'செல் போச்சு' என்று சொல்லிப் புதிதாக மாற்றிக் கொடுத்துவிடலாம், கஸ்டமரும் தலையாட்டுவார். ஆனால் இரண்டு புது பேட்டரி ஒரே காலையில் சாகாது. நான் மெயினை இறக்கிவிட்டு உள்ளே போய் நின்றேன். ஃபேன் நின்றது, லைட் அணைந்தது. எல்லாம் செத்துவிட்ட அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. இன்வெர்ட்டர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மாடத்தில் சிவப்பு விளக்கு.

அந்த பல்பு பேருக்குத்தான் ஜீரோ, பதினைந்து வாட் குடிக்கும். இதை நானே கடையில் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதைவிடப் பெரிய குடிகாரன் இன்வெர்ட்டர். அந்த ஒரு பல்புக்காக ராத்திரி பகல் விழித்திருந்து, தானும் தன் பங்குக்குக் குடித்திருக்கிறது. வீட்டில் இது தெரியாது, ஏனென்றால் எந்நேரமும் லைன் கரண்ட் வந்து ரொப்பிக்கொண்டே இருக்கும். லாரியிலும் சாமி படத்துக்கு விளக்கு எரிகிறது, ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. சும்மா நிற்கிற வண்டியில் ரொப்ப ஆள் கிடையாது. தாளில் தண்ணீர் பம்ப் ஓடுகிற நிமிஷத்தைக்கூட எழுதின இன்ஜினியர் சாமி விளக்கை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. சாமி விளக்கை லோடில் சேர்க்கிற மனுஷனை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

சொல்லாமலே ஒயரை மாற்றியிருக்கலாம். நல்லவன் என்பதால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஒயரை மெயினுக்குப் பின்னால் மாற்றினால் ராத்திரி விளக்கு அணையும், அந்த அம்மா கேட்பார். மாற்றாமல் விட்டால் கார்வாரில் மூச்சு இழுக்கும்போது மெஷின் உர்ரென்று நிற்கும். மூன்றாவது வழி இல்லை. வெளியே வந்தேன்.

"பேட்டரி மேல தப்பில்ல சார். தப்பு என்மேல. சாமி விளக்கு ஒயரை மெயினுக்கு முன்னாடி எடுத்தேன். அதுதான் மூணு நாளா குடிச்சிருக்கு."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தானே டார்ச் பிடிச்சேன்" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

மகள் எழுந்து நின்றாள். "ஒரு பல்பா? ஒரு பல்புக்காக எங்கம்மா இப்படி உக்காந்திருக்காங்களா? நீங்கதானே மூணு கடையையும் மூடறேன்னீங்க?"

நான் குனிந்து பேட்டரிக் கிளாம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

அந்த அம்மா மாஸ்கை இறக்கினார். முகம் வேர்த்திருந்தது. நான் பயந்தது மகளுக்கு அல்ல. தன் சாமி விளக்கே தன் மூச்சைக் குடித்துவிட்டது என்று இந்த அம்மா நினைத்துவிட்டால், வண்டி மட்டுமல்ல, எதுவுமே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

"பெருமாள் கோயில்ல ராத்திரி நடை சாத்துவாங்களா மாட்டாங்களா?" என்று மகளைக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினார்.

"சாத்துவாங்க. இப்ப எதுக்கும்மா அது?"

"அவ்வளவு பெரிய சாமியே ராத்திரி தூங்குது. என் மாடத்துல இருக்கிறவருக்கு மட்டும் நைட் டூட்டியா?" என்னைப் பார்த்தார். "அதுக்கு ஒரு சுவிட்ச் போடுங்க. காலைல திறக்கறேன், ராத்திரி சாத்தறேன்."

"அம்மா, நான் விக்கணும்னு சொல்லிட்டிருக்கேன்!"

"நீ சொல்லிட்டிரு. திரும்ப மூணு நாள் நிக்கறேன். ஓடலைன்னா வித்துக்கோ. இன்னிக்கு என்னத்துல தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. தெரியாம போயிருந்தாதான் ஆபத்து."

இன்ஜினியர் இத்தனை வருஷ சர்வீசில் இப்படி ஒரு ரிப்போர்ட் கேட்டிருக்கமாட்டார். நோட்டை மூடிவிட்டார்.

அன்றைக்கே மாற்றினேன். சிவப்பு பல்பை எடுத்துவிட்டு, நேராக பேட்டரியில் எரிகிற பன்னிரண்டு வோல்ட் எல்.ஈ.டி. ஒன்றை சிவாஜிநகரில் தேடி வாங்கி வந்து போட்டேன். கடுகளவுதான் குடிக்கும், அதற்காக இன்வெர்ட்டர் விழித்திருக்கத் தேவையில்லை. மாடத்துக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு தனி சுவிட்ச். அதுவரை எனக்கு வோல்ட் மீட்டர் என்றால் இளக்காரம், பல்பின் வெளிச்சத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று திமிர். ஆனால் பாதி இறங்கின பேட்டரியிலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். அடுப்புக்கு மேலே, அந்த அம்மாவின் கண் மட்டத்தில் ஒரு மீட்டரைப் பதித்தேன். பன்னிரண்டரைக்கு மேல் இருந்தால் நிம்மதி, பன்னிரண்டுக்கு வந்தால் டிவி, ஃபேன் எல்லாம் நிறுத்திவிட்டு வண்டியைக் கிளப்பவேண்டும். வண்டி கிளப்பும்போது அவர் கீழே இறங்கிக் காற்று வருகிற பக்கம் நிற்கவேண்டும். இதையெல்லாம் அவருக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன், இன்ஜினியருக்கு அல்ல.

கிராஃப் தாளையும் புதிதாகப் போட்டார்கள். முதல் வரியில் அந்த அம்மாவே எழுதினார்: சாமி விளக்கு, காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம்.

மறுபடி மூன்று நாள் நின்றார்கள். நாலாம் நாள் காலையில் மகள் ஆபீஸ் போகும் வழியில் வந்து, தானே மெஷினைப் போட்டுப் பார்த்தாள். பத்து நிமிஷம் ஓட விட்டாள். பிறகு என்னிடம் வந்து, "உங்க நம்பர் எப்பவும் ஆன்ல இருக்கணும்" என்றாள். அடுத்த வாரம் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு, நான் செல்போனைக் குளிக்கப் போகும்போதுகூடக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அழைப்பு. அந்த அம்மா. பின்னால் கடல் சத்தமோ லாரிச் சத்தமோ, ஏதோ ஒன்று இரைந்தது.

"ரெண்டு தடவை மெஷின் போட்டேன். ஓடிச்சு. இப்ப நல்லா இருக்கேன். கார்வார் வந்துட்டோம். கோவா இங்கேருந்து கொஞ்ச தூரம்தானாமே? இவர் போலாங்கறார். நான் போன் பண்ணினா பொண்ணு திட்டுவா. நீங்களே சொல்லிடுங்க."

"மீட்டர் எவ்வளவு காட்டுதும்மா?"

"கிளம்பறப்போ பாத்தேன். பன்னெண்டு புள்ளி ஏழு."

மகளுக்குப் போன் செய்தேன். அம்மா அப்பா கோவா போகிறார்கள் என்றேன். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் நின்றது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"பேட்டரி எவ்வளவு இருக்கு?" என்றாள்.

"பன்னெண்டு புள்ளி ஏழு."

"அப்ப போகட்டும்" என்றாள்.